எக்ஸெல், சர்பாஸ், என் மனைவியின் அரை வேலி

நான் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவன். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றேன். என்னிடம் படித்தவர்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. எக்ஸெல், சர்பாஸ் என்று இரண்டு சொற்கள். இரண்டுக்கும் ஒரே பொருள், அடுத்தவனை மிஞ்சுவது என்று பல வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அது தப்பு. தப்பு என்று எனக்குச் சொன்னவள் என் மனைவி. அவள் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். சீர்காழியில் போஸ்ட்மாஸ்டராக இருந்தவரின் மகள்.

அவள் சொன்னபோது நான் சிரித்தேன். அதற்குப் பிறகு நான் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். அது சிரிக்கிற மாதிரி இல்லை. ஆனால் அதைச் சுற்றி நடந்ததெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. அதனால் இரண்டையும் பிரிக்காமல் எழுதிவிடுகிறேன்.

நில உச்சவரம்பைக் குறைத்த காலம் அது. எங்கள் கட்சி ஆட்சிக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. எங்கள் கட்சி என்று சொல்வது என்னைச் சேர்த்துத்தான், என் அப்பாவைச் சேர்த்து அல்ல. அப்பா கதர்ச்சட்டைக்காரர். நான் கரைவேட்டி. பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை வேட்டி, மற்ற நேரமெல்லாம் கட்சிக்கரை போட்ட வேட்டி. எங்கள் தெருவில் அப்படிக் கட்டினவன் நான் ஒருத்தன்தான். மேடை கிடைத்தால் பெண்ணுரிமை பற்றிப் பேசுவேன். நன்றாகவே பேசுவேன்.

சட்டம் வருகிறது என்றதும் அப்பா நிலத்தைப் பலர் பெயரில் பிரித்து எழுத ஆரம்பித்தார். எனக்குக் கொஞ்சம், வாக்கப்பட்டுப் போன என் அக்காவுக்குக் கொஞ்சம், தஞ்சாவூரில் ஓட்டல் வைத்திருந்த சித்தப்பாவுக்குக் கொஞ்சம். கொட்டிலில் நின்ற மாடுகளுக்கு மட்டும்தான் எழுதவில்லை. இதைச் செய்யாத பண்ணை எங்கள் பக்கத்தில் ரொம்பக் குறைவு. நிலத்தில் உழைத்தவர்களுக்குப் போகட்டும் என்று போட்ட சட்டத்தை நிலம் வைத்திருந்தவர்கள் இப்படித்தான் தாண்டினார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன். கரைவேட்டி கட்டிக்கொண்டே போட்டேன்.

ஸ்ரீதனமாக வந்த நிலத்துக்குச் சட்டத்தில் தனிச் சலுகை இருந்தது. அப்பாவுக்கு அது போதும். வாய்க்கால் கடைசியில் இருந்த அரை வேலி, அதாவது மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே, என் மனைவி பெயருக்குப் போயிற்று. அவளுடைய அப்பா கல்யாணச் சீராக வாங்கிக் கொடுத்த நிலம் என்று எழுதினார்கள். என் மாமனார் உண்மையில் கொடுத்த சீர் ஒரு தேக்குக் கட்டில், இரண்டு பித்தளை அண்டா, ஒரு சுவர்க் கடிகாரம். கடிகாரம் அப்போதே ஓடவில்லை.

விசாரணைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். அதிகாரி கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அப்பா வழியெல்லாம் மாட்டுவண்டியில் பாடம் நடத்திக்கொண்டே வந்தார். அதிகாரி கேட்டார்.

“ஏம்மா, இந்த நிலம் உங்களுக்கு எப்படி வந்துச்சு?”

“எங்க அப்பா போட்ட சீருங்க.”

“யாரு பயிர் பண்றது?”

“நான்தாங்க பயிர் பண்றேன்.”

அப்பா முன்னால் வந்து, “சத்தியமான வார்த்தைங்க. மருமக நெலத்துல நாங்க கால் வைக்கிறது கெடையாது” என்றார். விசாரணை முடிந்தது.

வண்டியில் திரும்பினோம். பாதி தூரம் வந்த பிறகு, “மாமா, ஒரு பெரிய மனுஷன்ட்ட பொய் சொல்லிட்டேன். எனக்கு ஒரு மாதிரியா இருக்கு” என்றாள்.

“இதெல்லாம் பொய்யில சேத்தியாம்மா? ஊரே சொல்லுது.”

“அதை நெசமாக்கிட்டா மனசு சரியாயிடும்னு தோணுது. இந்தக் குறுவைக்கு அந்த அரை வேலிய நானே பண்றேன்.”

அப்பா சிரித்த சிரிப்பில் வண்டி மாடு மிரண்டது. எனக்கும் சிரிப்புதான். போஸ்ட்மாஸ்டர் மகள். கல்யாணமாகி வந்த புதிதில் நாற்றையும் புல்லையும் பார்த்து எது எது என்று கேட்டவள்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகும் அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்த வருஷம் எங்கள் வட்டாரத்தில் விளைச்சல் போட்டி அறிவித்திருந்தார்கள். புதிதாக வந்த குட்டை ரக நெல்லை ஊருக்குள் பரப்ப அரசாங்கம் செய்த ஏற்பாடு. வாய்க்கால் தலைப்பில் இருந்த என் வயலுக்கு நான் ஏற்கெனவே பெயர் கொடுத்திருந்தேன். அப்பா மோரை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

“நீயும் பேரைக் குடும்மா. உன் புருஷன் விளைச்சலை மிஞ்சிக் காட்டு. அந்த அரை வேலி உனக்கே. நான் கேக்கவே மாட்டேன். மிஞ்சலைன்னா, இந்தச் சட்ட பயமெல்லாம் அடங்கினப்புறம் மறுபடி எழுதிக் குடுத்துடணும். என்ன?”

“சரிங்க மாமா” என்றாள். சிரிக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு அந்த நிலம் வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தது. கட்டில், அண்டா, கடிகாரம் எல்லாமே அவள் கொண்டுவந்தவை. ஆனால் எங்கள் வீட்டில் அவளைக் கேட்டு யாரும் கட்டிலில் படுத்ததில்லை, அண்டாவில் சமைத்ததில்லை. என்னுடையது என்று சொல்லி அவள் நிற்பதற்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. எங்களுக்கு அது காகிதம். அவளுக்கு அது நிலம்.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம். நான் பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்களைச் சமையற்கட்டு வாசலில் பரப்பிவைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே தாள்களை எட்டிப் பார்ப்பாள். இங்கிலீஷில் அவளுக்கு ஆசை அதிகம்.

“எக்ஸெல்னா என்னங்க?”

“மிஞ்சுறது.”

“அப்ப சர்பாஸ்?”

“அதுவும் அதான்.”

“ரெண்டும் ஒண்ணுன்னா வெள்ளக்காரன் எதுக்கு ரெண்டு வார்த்தை வச்சுக்கிட்டான்? வேலை வெட்டி இல்லையா அவனுக்கு?”

அகராதியை எடுத்துக் காட்டினேன். அதில் ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகப் போட்டிருந்தது. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அகராதியில் இருந்த உதாரண வாக்கியங்களை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கீரைத் தண்டை ஒடித்து ஒடித்துப் போட்டபடி கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“இருங்க. உங்க அக்கா ரசம் பிரமாதமா வைப்பாங்கன்னு நீங்க சொன்னீங்கன்னு வைங்க. அது எக்ஸெல். என் ரசத்தைத் தூக்கிச் சாப்புட்டுடும் அவங்க ரசம்னு சொன்னீங்கன்னா அது சர்பாஸ். மொத வார்த்தைக்கு அவங்க மட்டும் போதும். ரெண்டாவதுக்கு நான் ஒருத்தி தோக்கணும். சரியா?”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“ஒண்ணா? மொதல்ல சொன்னதைச் சொல்லிப் பாருங்க, நான் சிரிப்பேன். ரெண்டாவதைச் சொல்லிப் பாருங்க, ராத்திரி உங்களுக்குச் சாப்பாடு கெடையாது.”

நான் சிரித்தேன். மறுநாள் வகுப்பில் பழையபடியே சொல்லிக்கொடுத்தேன்.

ஆற்றில் தண்ணீர் வந்து, வாய்க்காலில் ஏறி, நாற்று பறிக்கிற சமயமும் வந்தது. அந்த வருஷம் கூலித் தகராறு முற்றியிருந்தது. சேரியில் சிவப்புக் கொடி ஏறியிருந்தது. கேட்ட கூலியைக் கொடுக்க மாட்டோம் என்று பண்ணைக்காரர்கள் வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார்கள். அங்கங்கே அடிதடி, போலீஸ். எங்கள் அப்பாவும் வெளியாளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். என் மனைவி அவரைக் கேட்கவில்லை. சேரிக்கு ஆள் அனுப்பி நடவுப் பெண்களின் தலைவியை வரச் சொன்னாள். அந்த அம்மாள் வாட்டசாட்டமாக இருப்பாள். குரல் இரண்டு வயலுக்குக் கேட்கும். கேட்ட கூலி என்னவோ அதுவே தருவதாக என் மனைவி சொன்னாள்.

“சின்னம்மா, பெரியய்யாவுக்குத் தெரியுமா?”

“அவரு நெலமா இது? என் நெலம். அவரே அதிகாரிகிட்ட சொல்லியிருக்காரு.”

அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் காலையில் கொத்தோடு, அதாவது தன் நடவுக் கூட்டத்தோடு, வந்து இறங்கினாள். தன் மருமகளுக்கு நடவாட்கள் கிடைத்துவிட்டார்கள், தான் சொல்லி அனுப்பிய வெளியாள் வந்து சேரவில்லை என்று ஆனதும் அப்பாவும் அதே கூலிக்கு இறங்கி வந்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு நாள் யாருடனும் பேசாமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

நடவுப் பெண்களிடம் ஒரு விளையாட்டு உண்டு. வரிசையாக நின்று, பின்னால் நகர்ந்துகொண்டே நடுவார்கள். ஒருத்தி கை மந்தமாகிப் பின்தங்கினால், இரண்டு பக்கத்திலும் இருப்பவர்கள் விரைவாக நட்டுக்கொண்டு போய் அவள் முதுகுக்குப் பின்னால் சேர்ந்துவிடுவார்கள். நாலு பக்கமும் நாற்று. நடுவில் அவள் மட்டும் சேற்றில் நிற்பாள். நட்ட பயிரை மிதித்துக்கொண்டு வெளியே வர முடியாது. வெற்றிலை பாக்கு வாங்கித் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டால்தான் இரண்டு நாற்றைப் பிடுங்கி வழி விடுவார்கள்.

என் மனைவி புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கினாள். இறங்கின கொஞ்ச நேரத்திலேயே அவளைக் கூண்டில் போட்டுவிட்டார்கள். நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பண்ணை வீட்டுப் பெண்ணைச் சேற்றில் நிறுத்திவிட்டுப் பெண்கள் கும்மாளம் போட்டார்கள். அவளும் சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“சின்னம்மா மாட்டிக்கிச்சு! சின்னய்யா, வந்து தூக்கிக்கிட்டுப் போங்க!”

“நீங்களே வச்சுக்குங்க. எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு” என்றேன்.

எல்லோரும் இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். அந்தக் காலையில் நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அதைச் சொல்லியாக வேண்டும்.

பயிர் பச்சை கட்டத் தொடங்கியதும் சந்தோஷம் குறைந்தது. என் வயலும் நன்றாகத்தான் இருந்தது. அவளுடையது அதைவிட நன்றாக இருந்தது. காரணம் சாதாரணம். நான் காலையில் ஒரு தடவை போய் வரப்பில் நின்று, அவள் வயலை எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். அவள் தன் வயலுக்குள் இறங்கிக் களை பறித்தாள். தன் பயிரைத்தான் பார்த்தாள், என் பயிர் எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. போட்டிக்குப் பொறுப்பாக இருந்த கிராம சேவக் ஒரு நாள் சைக்கிளை வரப்போரம் நிறுத்தி, “உங்க வயலைவிட அம்மா வயல் கொஞ்சம் தூக்கலா இருக்கு சார்” என்று சொன்னார். நல்ல மனிதர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

டீக்கடையில் விஷயம் பரவிவிட்டது.

“என்ன வாத்தியாரே, வீட்டுல இப்ப சமையல் யாரு? நீங்களா?”

“அடுத்த கூட்டத்துல பெண்ணுரிமை பேச அம்மாவையே மேடை ஏத்திடலாமே. நீங்க கீழ ஒக்காந்து கையத் தட்டுங்க.”

கிண்டல்தான். ஒருத்தரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் நான் சிரித்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

கதிர் வெளிவருகிற சமயம். அப்போது தண்ணீர் காய்ந்தால் கதிர் பால் பிடிக்காமல் பதராகிவிடும். அந்த வாரத்தில் சீர்காழியில் அவள் தங்கைக்கு வளைகாப்பு. அவள் கிளம்பும்போது சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“தண்ணிய மட்டும் பாத்துக்குங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“நான் இருக்கேன், போ” என்றேன்.

அவளை ரயில் ஏற்றிவிட்டு வந்த மறுநாள் காலை, பள்ளிக்கூடத்துக்கு முன்னால், நான் வயலுக்குப் போனேன். என் வயலைத் தாண்டி அவள் வயலுக்குத் தண்ணீர் போகிற மடை ஒன்று இருந்தது. மடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, வாய்க்கால் கரையில் வைத்திருக்கிற ஒரு திறப்புதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, வைக்கோலைச் சுருட்டித் திணித்து, களிமண்ணை அள்ளி அப்பினேன். மிதித்து இறுக்கினேன். கை கழுவி, வீட்டில் வேட்டி மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்தினேன். அவள் திரும்புகிற நாளுக்கு முந்தின நாள் வரை அதை எடுக்கவில்லை.

கோபத்தில் செய்தேன் என்று சொல்ல முடியாது. கோபம் ஒரு காலை இருக்கும், ஒரு வாரம் இருக்காது. தினமும் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். மண் வெடிக்கத் தொடங்கியதைப் பார்த்தேன். நாளைக்கு எடுத்துவிடலாம் என்று தினமும் திரும்பி வந்தேன்.

அவள் வந்ததும் நேராக வயலுக்குத்தான் போனாள். வெடிப்புக்குள் விரல் போகும் அளவுக்கு மண் காய்ந்திருந்தது. அழவில்லை. என்னைப் பார்த்து, “என்னங்க ஆச்சு?” என்றாள்.

“நண்டு” என்றேன். “வரப்பெல்லாம் நண்டு வளை. தண்ணியெல்லாம் வடிகாலுக்குப் போயிடுச்சு. நான் பாக்குறப்ப லேட்டாயிடுச்சு.”

எங்கள் பக்கத்தில் வயல் நண்டு வரப்பைத் துளைப்பது சகஜம். அவள் உடனே நம்பினாள். நடவுத் தலைவியையும் இன்னும் நாலு பெண்களையும் கூட்டிக்கொண்டு நண்டு வேட்டைக்கு இறங்கினாள். வளைக்குள் கையை விட்டு, கடி வாங்கி, சாக்கில் பிடித்துப் போட்டாள். எங்கள் வீட்டில் அடுத்து வந்த நாட்களில் நண்டு வறுவல், நண்டுக் குழம்பு, நண்டு ரசம். அப்பா ஓட்டை உடைத்து உறிஞ்சிக்கொண்டே, “நீ போட்டியில ஜெயிக்கிறியோ இல்லையோ, சமையல்ல ஜெயிச்சுட்டேம்மா” என்றார். அவள் என் இலையில் ஒன்று கூடுதலாக வைத்து, “பெரிய நண்டு. இதுதான் நம்ம வயலைக் குடிச்சதா இருக்கணும்” என்பாள். நான் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது என்பதையும் ஒளிக்க விரும்பவில்லை.

அறுவடை நாளில் கிராம சேவக் வந்து, இரண்டு வயலிலும் கயிறு பிடித்து ஒரே அளவு இடத்தைக் குறித்தார். அறுத்து, அடித்து, தூற்றி, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எடை போட்டார்கள். தூற்றும்போதே அவள் நெல்லில் பாதி காற்றோடு போயிற்று. எல்லாம் பதர். என்னுடையது மிஞ்சியது. டீக்கடையில் கிண்டல் செய்தவர்கள் கை தட்டினார்கள். நானும் கையை உயர்த்திக் காட்டினேன்.

வட்டாரத்துப் பரிசளிப்பு எங்கள் பள்ளிக்கூட மைதானத்திலேயே நடந்தது. முதல் பரிசு வேறு ஊர்க்காரருக்கு. இரண்டாவதும் வேறு ஊர்க்காரருக்கு. எனக்கு ஆறுதல் பரிசு, கையால் அடிக்கிற ஒரு மருந்து தெளிப்பான். மேடையிலிருந்து இறங்கும்போது கிராம சேவக் என் காதோரம் சொன்னார்.

“அம்மா வயல் மட்டும் காயாம இருந்திருந்தா சார், மொதல் பரிசே உங்க வீட்டுக்குத்தான் வந்திருக்கும்.”

தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். என் மனைவி பெண்கள் பக்கத்தில் நின்றிருந்தாள். நடவுத் தலைவியும் இருந்தாள். அந்த அம்மாள் இரண்டு வயலுக்குக் கேட்கிற குரலில் என்னைக் கூப்பிட்டாள்.

“சின்னய்யா, ஒரு சந்தேகம். படிச்சவரு நீங்கதான் சொல்லணும்.”

“கேளு.”

“நண்டு கரைவேட்டி கட்டுமாங்க?”

சுற்றியிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. நான் மடையை அடைத்த அன்று காலை வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தது அந்த அம்மாள்தான். யாரோ குனிந்திருக்கிறார்கள் என்று பார்த்தேன், யார் என்று பார்க்கவில்லை. சின்னய்யா அடைத்த மடையில் கை வைக்கக் கூடாது என்று அத்தனை நாளும் வாயைக் கட்டியிருந்திருக்கிறாள்.

“ஏன்னா நான் பாத்த நண்டு கட்டியிருந்துச்சு. அதான் கேட்டேன். மடையில எறங்கி மண்ணுகூட அப்பிச்சு. நல்ல வேலைக்கார நண்டு.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். பிறகு தெளிப்பானைப் பார்த்தாள். “குடுங்க, கனமா இருக்கும். நான் தூக்கிக்கிறேன்” என்று வாங்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள். வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

“சர்பாஸ்.”

பந்தயத்தின் கணக்கை அப்பா அவ்வளவு சுலபத்தில் மறக்கிறவர் இல்லை. மடை விஷயம் அவருக்குத் தெரியாது. அடுத்த வாரமே எழுத்தரை வீட்டுக்கு வரவழைத்தார். கூடத்தில் பாய் விரித்து, பத்திரம், பேனா எல்லாம் தயார். அவளைக் கூப்பிட்டார்.

“வாம்மா. சொன்ன சொல்லு சொன்னதுதானே? ஒரு கையெழுத்து. சட்ட பயம் கொஞ்சம் அடங்கின மாதிரி இருக்கு.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். உட்காரவில்லை. நான் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தேன். அவள் இப்போது என் மடைக் கதையைச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லியிருக்கலாம். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

“மாமா, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளேன்.”

“இந்த நெலம் எங்க அப்பா எனக்குப் போட்ட சீர்தானே?”

அப்பா எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் பேனா முனையைப் பார்த்தார்.

“அது… அப்படித்தானே எழுதியிருக்கு.”

“அதிகாரி முன்னால சத்தியமான வார்த்தைன்னு சொன்னீங்களே, நெசந்தானே?”

“ஆமா…”

“அப்ப எங்க அப்பா போட்ட சீரை உங்களுக்கு எழுதிக் குடுத்தா, எங்க அப்பாவுக்கு நான் என்னன்னு பதில் சொல்லுவேன்? சீர்காழியில ஊரே கேக்கும். சீர் இல்லைன்னா சொல்லுங்க, இப்பவே கையெழுத்துப் போடுறேன். ஆனா சீர் இல்லைங்கிறதை அந்த அதிகாரிகிட்டயும் போய்ச் சொல்லணும். நான் இன்னொரு பொய் சொல்ல மாட்டேன் மாமா.”

 சீர் என்றால் நிலம் அவளுடையது. சீர் இல்லை என்றால் நிலம் சர்க்காருடையது, கூடவே மற்ற நிலத்துக்கும் விசாரணை வரும். அப்பா எந்தப் பக்கம் கால் வைத்தாலும் நட்ட பயிரை மிதித்தாக வேண்டும்.  அவர் என் பக்கம் திரும்பினார்.

“என்னடா பேசாம ஒக்காந்திருக்க? நீ சொல்லு. பந்தயத்துல ஜெயிச்சது நீதானே?”

இதுதான் இடம். ‘நான் ஜெயிக்கவில்லை, மடையை அடைத்தேன், நிலம் அவளுடையது’ என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். அவள் எனக்கு வழி விட்டுக்கொண்டு நின்றாள். நான் சொல்லவில்லை. “எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு” என்று எழுந்து போய்விட்டேன். அன்று ஞாயிற்றுக்கிழமை.

மடையை அடைத்ததைவிட இதற்குத்தான் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

நான் திரும்பி வந்தபோது எழுத்தர் போயிருந்தார். அப்பா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், கொஞ்சம் மரியாதையோடு, “போஸ்ட் ஆபீஸ்ல வேலை பாத்தவரு மவளாச்சே. முத்திரை குத்தியில்ல அனுப்பிட்டா” என்றார். அதற்குப் பிறகு அந்த நிலத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. வருகிறவர்களிடம் ‘மருமக வயல்’ என்று பெருமையாகச் சொல்லவும் ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த வருஷமும் போட்டி வந்தது. கிராம சேவக் அவளிடம் பெயர் கேட்டார். அவள் கொடுக்கவில்லை. “எனக்குப் போட்டி வேண்டாங்க. பயிர் பண்ணிக்கிறேன்” என்றாள். அந்த வருஷம் அவள் வயலில் விளைந்த மாதிரி எங்கள் வாய்க்காலில் நான் பார்த்ததில்லை. யாரும் கயிறு பிடிக்கவில்லை, எடை போடவில்லை. கதிர் தலை சாய்ந்து கிடந்ததை நான் என் வரப்பிலிருந்து பார்த்தேன். என் வயலும் அந்த வருஷம் சுமாராக விளைந்தது. யாரை மிஞ்சுவது என்று தெரியாததால் எனக்கு வயலுக்குப் போகவே சலிப்பாக இருந்தது. எக்ஸெலுக்கும் சர்பாஸுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அந்தச் சலிப்பில்தான் பிடிபட்டது. வகுப்பில் மாற்றிச் சொல்லத் தொடங்கியது அதற்கும் பல வருஷம் கழித்துத்தான். ரச உதாரணத்தை அப்படியே சொன்னேன். யார் சொன்ன உதாரணம் என்று மட்டும் சொல்லவில்லை.

அந்த அரை வேலியை அவள் வெகு காலம் பயிர் செய்தாள். மூட்டு வலி வந்த பிறகு நடவுத் தலைவியின் குடும்பத்துக்கே குத்தகைக்கு விட்டாள். வாய்ப்பேச்சில் அல்ல, முறையாகப் பதிவு செய்து விட்டாள். அப்பா காலமான பிறகு, அவர்களால் கொடுக்க முடிந்த விலைக்கு அவர்களுக்கே எழுதியும் கொடுத்தாள். என்னைக் கேட்கவில்லை. அவள் நிலம், எதற்குக் கேட்க வேண்டும்? சட்டம் ஒழுங்காக நடந்திருந்தால் விலையே இல்லாமல் முன்பே அவர்களுக்குப் போயிருக்க வேண்டிய நிலம் அது. அப்பா பிரித்து எழுதிய மற்ற நிலங்கள் எங்கள் குடும்பத்திலேயேதான் இருந்தன. என் பங்கில் விளைந்ததை நான் இப்போதும் சாப்பிடுகிறேன்.

ஆனால் மடையை அடைத்தது நான்தான் என்று வாயைத் திறந்து அவளிடம் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அதனால் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு சௌகரியம் செய்துகொண்டேன். போன குறுவையில், நடவுத் தலைவியின் மகள் வீட்டில் புது நெல் அடிக்கிறார்கள், வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார்கள். இருவரும் மெதுவாக வரப்பில் நடந்து போனோம். அந்த மடை இருந்த இடத்தில் இப்போது சிமெண்ட் குழாய் பதித்திருக்கிறார்கள். அங்கே நின்று சொன்னேன்.

“அந்த வருஷம் நான்தான் அடைச்சேன். நண்டு இல்ல.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, கால் வழுக்காமல் பார்த்து நின்றாள்.

“இவ்ளோ நாளு எதுக்குங்க வச்சிருந்தீங்க?”

“வெட்கமா இருந்துச்சு. மன்னிச்சுக்க.”

“என்னை எதுக்குக் கேக்குறீங்க? எனக்குத்தான் வயல் கெடைச்சுச்சே.” வாய்க்கால் கரையில் ஒரு நண்டு வளையை விட்டு வெளியே வந்து, எங்களைப் பார்த்ததும் பக்கவாட்டில் நகர்ந்தது. அவள் கைத்தடியால் அதைச் சுட்டிக் காட்டினாள். “அதுங்களைக் கேளுங்க. ஒரு பாவமும் அறியாம எத்தனை செத்துச்சு.”

நான் குனிந்து பார்த்தேன். நண்டு வளைக்குள் போய்விட்டது. களத்து மேட்டிலிருந்து நடவுத் தலைவியின் மகள், அம்மாவின் அதே குரலில், காபி ஆறுகிறது என்று கூப்பிட்டாள். போனோம்.